கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை

என் அம்மா நடந்திருக்க வேண்டியவள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் சரியாகத்தான் நடந்தது. டாக்டர் சரியாகத்தான் சொல்லி அனுப்பினார். எலும்பு சேரவில்லை, வயதாகிவிட்டது, அவ்வளவுதான் கொடுப்பினை என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பொய். நாங்கள் காசைக் கொட்டி அவளைப் படுக்கவைத்தோம். நாங்கள் என்றால் அதில் நானும் உண்டு.

கடலூரில் மின்வாரியத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வேலை பார்க்கிறேன். கம்பம் நடுவது, கம்பி இழுப்பது. அம்மா இருபது வருஷத்துக்கு மேல் சத்துணவுக் கூடத்தில் சமைத்தவள். ஓய்வு பெற்ற பிறகும் ஓரிடத்தில் உட்கார மாட்டாள். ரேஷன் கடைக்குப் போவாள். மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் வரை வெயிலில் நடந்தே போய்விட்டு வந்து, ஆட்டோக்காரன் கேட்ட காசைச் சொல்லி அவனை அரை மணி நேரம் திட்டுவாள்.

2011 நவம்பரில் விழுந்தாள். பகல் பன்னிரண்டு மணிக்கு. அப்போது ஊரெங்கும் கரண்ட் கட். எங்கள் வீட்டில் கக்கூஸ் பின்பக்கம் தனியாக இருக்கிறது. ஜன்னல் கிடையாது. விளக்கு இல்லாவிட்டால் பகலிலும் இருட்டு. உள்ளே இருந்து படி இறங்கியவள் சோப்புத் தண்ணீரில் கால் வைத்துவிட்டாள். அரை மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறாள். நானும் என் மனைவியும் வேலைக்குப் போயிருந்தோம். பக்கத்து வீட்டு அம்மா துணி காயப்போட வந்தபோதுதான் முனகல் கேட்டிருக்கிறது.

"கரண்ட்டுக்காரன் வூட்டு அம்மா கரண்ட் கட்டுல உழுந்துச்சாம்" என்று தெருமுனை டீக்கடையில் ஒருவன் சொல்லிச் சிரித்தான். அடிக்கப் போனேன், பிடித்துக்கொண்டார்கள்.

எக்ஸ்ரேயில் தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிவு என்று வந்தது. அக்கா சிதம்பரத்தில் இருக்கிறாள் என்பதால் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அரசாங்கத்தின் பழைய காப்பீட்டு அட்டை நின்றுபோய், புது அட்டை இன்னும் வராத மாதங்கள் அவை. என் மனைவியின் செயின் போனது. மீதியை மாமா கொடுத்தார். மாமா என்பது அக்கா வீட்டுக்காரர், சிதம்பரத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். கொடுத்த பணத்தைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல இடம் வராது.

உடைந்த எலும்பின் தலையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்டீல் பந்து ஒன்றை வைத்தார்கள். மறுநாள் டாக்டர் எங்களை நிற்கவைத்துச் சொன்னார்.

"இன்னிக்கு உக்கார வைங்க. நாளைக்கு நிக்கணும். அதுக்கப்புறம் நடந்துக்கிட்டே இருக்கணும். கீழ குந்தக் கூடாது, சம்மணம் போடக் கூடாது. அது ரெண்டுதான். மத்தபடி இவுங்களுக்கு எதிரி யாரு தெரியுமா? இந்தக் கட்டில்தான். புரியுதா?"

"புரியுது சார்" என்று நான், அக்கா, மாமா மூன்று பேரும் தலையாட்டினோம். ஒருவருக்கும் புரியவில்லை. வெளியே வந்ததும் மாமா சொன்னார்: "அவுரு சொல்லுவாரு மச்சான். எலும்புன்னா ஒரு மண்டலம் அசையாமக் கெடக்கணும். எங்க பெரியப்பாவுக்குக் கட்டுக் கட்டுனப்ப நாப்பத்தெட்டு நாளு காலு நெலத்துல படல."

"அது கட்டு மாமா, இது ஆபரேஷன்."

"எலும்பு ஒண்ணுதான?"

அதற்கு மேல் நான் பேசவில்லை. பணம் கொடுத்தவர்.

குந்தக் கூடாது என்பதால் எங்கள் வீட்டுக்கு அம்மாவைக் கொண்டுபோக முடியாது. பின்பக்கம் நடந்து, படி ஏறி, குந்தி எழுந்திருக்கிற கக்கூஸ். அக்கா வீட்டில் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதுவும் குந்துகிற கக்கூஸ்தான். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி, இரும்புக் கத்தியைப் பழுக்கக் காய்ச்சி, நடுவில் வட்டமாக அறுத்து, ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதன் மேலே வைத்தேன். கடையில் இதற்கென்றே நாற்காலி விற்றது, ஆயிரத்து எண்ணூறு ரூபாய் என்றான். என்னுடையது இருநூற்று எழுபது ரூபாயில் முடிந்தது. உட்கார்ந்து பார்த்து அம்மா சொன்னாள்: "ராஜா சிம்மாசனம்டா. ஓட்டதான் ஜாஸ்தி."

கட்டிலிலிருந்து அந்த நாற்காலி வரை பதினான்கு அடி எடுத்து வைக்க வேண்டும். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவள் அங்கே தானாகப் போய்த் தானாக வந்துவிட்டால் மீதியெல்லாம் தானாக வரும் என்று பிசியோதெரபி டாக்டர் சொன்னார். அவர் பரங்கிப்பேட்டைக்காரர். முப்பது வயதிருக்கும். தினமும் காலையில் பைக்கில் வருவார். ஒரு தடவைக்கு நூற்றைம்பது ரூபாய்.

"கீழ பாக்காதம்மா. காலு எங்கயும் ஓடிடாது. எதிர்ல காலண்டரப் பாரு. இன்னிக்கு என்னா தேதி?"

"பன்னண்டு."

"பன்னண்டுக்கு ரெண்டடி வை. நாளைக்கு பதிமூணுக்கு மூணடி."

"முப்பத்தொண்ணு வந்தா என்னாடா பண்ணுவ?"

"தில்லையம்மன் கோயிலு வரைக்கும் உட்டுடுவேன்."

அம்மா அவரை 'டா' போட்டுத்தான் பேசினாள். அவருக்கு அது பிடித்திருந்தது. நான்கு அடி, ஆறு அடி, அறை வாசல் என்று போனது. அறை வாசலில் வந்து நின்றுவிட்டது. கால் நிற்கவில்லை, அம்மா நின்றாள்.

ஏனென்றால் வாசலுக்கு அப்பால் ஹால். ஹாலில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார்.

இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். அக்காவுக்குக் கல்யாணமாகி இருபத்தோரு வருஷம். அத்தனை வருஷமும் மாமா எதிரில் அம்மா உட்கார்ந்ததில்லை. அவர் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். கதவுக்குப் பின்னாலிருந்துதான் "மாப்ள சாப்ட்டாரா கேளு" என்பாள். சிதம்பரம் போனாலும் ராத்தங்காமல் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிளம்பிவிடுவாள். அப்படிப்பட்டவள், மகள் வீட்டில் நைட்டி போட்டுக்கொண்டு, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, இரும்பைத் தள்ளிக்கொண்டு மாப்பிள்ளை எதிரில் கக்கூஸுக்குப் போக வேண்டும். போகமாட்டாள். அவர் கடைக்குக் கிளம்பும் பத்து மணி வரை அடக்கிக்கொண்டு கிடப்பாள். மத்தியானம் அவர் சாப்பிட வந்து கொஞ்சம் படுத்துவிட்டுப் போகும் வரை மறுபடி அடக்குவாள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். வாய் வெடித்திருந்தது.

நான் மாமாவிடம் நேராகக் கேட்டேன். "நீங்க கொஞ்சம் வெளிய இருந்தீங்கன்னா அம்மா போய்ட்டு வரும்."

அவர் கோபப்படவில்லை. அடுத்த நாளிலிருந்து காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு வெளியே மதில் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூன்று நாள். நான்காம் நாள் எதிர்வீட்டுக்காரர், "இன்னா, மாமியாரு வந்து ஒங்கள வெளிய தொரத்திட்டாங்களா?" என்று கேட்டாராம். ஐந்தாம் நாள் நாற்காலி உள்ளே வந்துவிட்டது. அக்காவும் அம்மாவிடம், "அந்த மனுஷன வீதியில உக்கார வச்சிட்டு உனக்கு இது தேவையா?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா எனக்குச் சொல்லவில்லை. பிற்பாடுதான் தெரிந்தது.

இதற்கு நடுவில் பார்க்க வருகிறவர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் திட்டக்குடியிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். வேன் வாடகையைக் கொடுத்திருந்தால் ஒரு மாதம் பிசியோவுக்கு ஆகியிருக்கும். கேட் சத்தம் கேட்டதும் அம்மா வாக்கரை விட்டுவிட்டுப் படுத்துக்கொள்வாள். உடம்பு சரியில்லாதவளைப் பார்க்க வருகிறவர்கள் படுத்திருப்பவளைத்தான் பார்க்க வேண்டும். நடந்துகொண்டிருந்தால் எதற்கு வந்தோம் என்று ஆகிவிடும். "மகராசி, மருமவன் வூட்ல தாங்கு தாங்குன்னு தாங்கறாங்க" என்பார்கள். போகும்போது அக்காவின் காதில், "எளந்தாரிப் பையன் வந்து தொடயப் புடிக்கிறானாமே, பொம்பள டாக்டரு யாரும் இல்லியா?" என்பார்கள். மாமா அதைக் கேட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார்.

இத்தனையையும் மீறி அம்மா நடந்தாள். அதைத்தான் யாரும் நம்புவதில்லை. டிசம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். மாமா கறி வாங்கக் கிளம்பினார். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் அம்மா எழுந்தாள். யாரும் தொடவில்லை. நான் பின்னாலேயே போனேன். "எருமமாடு மாதிரி மேல வந்து உழாத, தள்ளி வா" என்றாள். பதினான்கு அடி. கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவள் மூச்சு வாங்க நின்று, "இன்னாடா பாக்கற, கக்கூஸ் போறவளப் பாத்ததில்லியா?" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. நான் அன்றைக்கு பஸ்ஸில் கடலூர் வரை நின்றுகொண்டே வந்தேன், கால் வலிக்கவில்லை.

அந்த வாரம்தான் புயல் வந்தது.

புயலைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அது கம்பங்கள்தான். கடலூரிலிருந்து பண்ருட்டி வரை கம்பம் என்று ஒன்று நிற்கவில்லை. முந்திரித் தோப்புகளுக்குள் மரத்துக்கு அடியில் கம்பி, கம்பிக்கு அடியில் மரம். எங்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் படுக்கை, பொட்டலச் சோறு. முதல் ஒரு வாரம் போனே வேலை செய்யவில்லை. ஊருக்குள் போனால் ஜனங்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டு, "எங்க தெருவுக்கு எப்பய்யா?" என்று சட்டையைப் பிடித்தார்கள். வேலையை விட்டுவிட்டுப் போனால் ஒப்பந்தக்காரர் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார். போகவில்லை.

சிதம்பரத்திலும் கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. பிசியோ ஒரு வாரம் வர முடியவில்லை. அவர் வந்து நின்றபோது அக்கா, "இப்ப வேணாம், அப்புறம் சொல்லி அனுப்பறோம்" என்று அனுப்பிவிட்டாள். சொல்லி அனுப்பவே இல்லை. அவருக்குப் பதிலாக மாமா ஒரு ஏஜென்சி மூலம் ஒரு பெண்மணியை வேலைக்கு வைத்தார். எல்லோரும் அவரை சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். நர்ஸ் படிப்பெல்லாம் படித்தவர் இல்லை. இரவு பகல் கூடவே இருந்து பார்த்துக்கொள்வார். ஒரு நாளைக்கு நானூறு ரூபாய், சாப்பாடு தனி, ஏஜென்சிக்கு ஒரு மாத முன்பணம். நூற்றைம்பது ரூபாய் அதிகம் என்று யோசித்த வீட்டில் நானூறு ரூபாய்க்கு யாரும் யோசிக்கவில்லை. நடக்கவைக்கிறேன் என்றால் அது செலவு. பார்த்துக்கொள்கிறேன் என்றால் அது பாசம்.

ஜனவரி நடுவில் அக்கா போன் செய்தாள். நான் கம்பத்தின் மேலே இடுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டரு டயப்பர் போட்டுடலாம்ங்கறாங்க. பொழுதுக்கும் தூக்கிக்கினு போவ முடியலியாம். அம்மாவும் சரின்னுது. ஜாஸ்தி வெல. நீ பாதி குடுக்கறியா?"

"தூக்கிக்கினு ஏன் போவணும்? அது நடக்குமே."

"எங்கடா நடக்குது? வூட்ல அவுரு இருந்தா எழுந்திரிக்கவே மாட்டுது. துணியெல்லாம் ஈரம். தொவைக்கத் தண்ணி இருக்கா இங்க? ஒனக்கு இன்னா தெரியும்?"

கீழேயிருந்து மேஸ்திரி கத்திக்கொண்டிருந்தார். "போட்டுத் தொலைங்க" என்றேன். பணமும் அனுப்பினேன். இதுதான் நான் சொன்னது. இரண்டே வார்த்தை. ஒரு பிழைப்புக்காரன் கம்பத்தின் மேல் இருந்து சொன்னது என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பிப்ரவரி பாதியில்தான் போக முடிந்தது. அறைக்குள் நுழைந்ததும் டெட்டால் வாசனை. போர்வையை விலக்கினேன். தொடை என் கை அளவு இருந்தது. ஆபரேஷன் செய்த காலின் முட்டி மடங்கியே இருந்தது, நீட்ட வரவில்லை. முதுகுக்குக் கீழே புண். வாக்கரில் துண்டு காயப்போட்டிருந்தார்கள்.

"என்னக்கா பண்ணி வச்சிருக்க?" என்று கத்தினேன்.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "வாடா. ஒன்ற மாசம் கழிச்சி வந்து கேள்வி கேக்கறியா? பெத்தவளுக்கு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கழுவி உட்டுருக்கியா நீ? நானும் சிஸ்டரும் கழுவனோம். டயப்பர் போடுன்னது யாரு? நீதான? பணம் அனுப்பனது யாரு? நீதான?"

"நடக்கறவளுக்கு எதுக்குப் போட்டீங்க?"

"நடக்கறவ எம் புருசனக் கண்டா படுத்துக்கறா. நான் இன்னா பண்ணட்டும்? புருசன ஊட்ட விட்டு அனுப்பட்டுமா?"

மாமா ஹாலில் உட்கார்ந்திருந்தார். டிவி சத்தத்தைக் குறைத்தார். எழுந்து வரவில்லை.

சிஸ்டரைப் பார்த்து, "நீங்களாவது நடக்க வச்சிருக்கலாமே" என்றேன். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். அவருக்கே முட்டி வலி. ஒரு பயமும் இல்லாமல் சொன்னார்: "நான் படுத்துக் கெடக்கறவுங்களப் பாத்துக்கத்தான் வந்தேன் சார். நடக்கறவுங்களுக்கு ஆளு எதுக்கு? நடக்க ஆரம்பிச்சா மறுநாளே என்ன அனுப்பிடுவீங்க."

அந்த வீட்டில் அன்றைக்கு உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான்.

அம்மா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். "அவுங்கள ஏன் திட்ற? ஊர்ல இருக்கற கம்பத்தயெல்லாம் நிமுத்தறவரு வந்துட்டாரு பாரு" என்றாள்.

மார்ச்சில் வேன் வைத்து அம்மாவைக் கடலூருக்குக் கொண்டுவந்தேன். கடன் வாங்கி, அம்மா படுத்திருக்கும் அறை மூலையிலேயே மேல்நாட்டுக் கக்கூஸ் கட்டினேன். கொத்தனார், "ரூமுக்குள்ளயா? சாமி படம் மாட்டியிருக்கற எடத்துலயா?" என்று கேட்டார். சாமி படத்தைக் கழற்றிவிட்டேன். இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் குழாய் பதித்தேன். கட்டிலிலிருந்து ஐந்தே அடி. மாப்பிள்ளை இல்லை, ஹால் இல்லை, படி இல்லை. என் மனைவி காலையில் ஜெராக்ஸ் கடை வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை டயப்பர் மாற்றினாள். நடுவில் யாரும் இல்லை.

பரங்கிப்பேட்டைக்காரரைத் தேடிப் போய்க் கூப்பிட்டேன். வாரம் மூன்று நாள் பஸ்ஸேறிக் கடலூர் வந்தார். முதல் நாள் முட்டியைத் தொட்டுப் பார்த்தார். கைகழுவும்போது, "நல்லா நடந்தவுங்கண்ணே" என்றார். பிறகு, "நேராக்கிடலாம். வலிக்கும். ரெண்டு மூணு மாசம் புடிக்கும். ஆனா நிப்பாங்க" என்றார்.

அம்மா கத்துவாள். அவரைக் கொலைகாரா என்பாள். அவர் மணல் மூட்டையை முட்டிமேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "சத்துணவுல புழுவோட போடுவியாமே, நெசமாம்மா?" என்று கேட்டுச் சண்டை இழுப்பார். சண்டை முடிவதற்குள் பத்து நிமிஷம் ஓடியிருக்கும். புண் ஆறியது. கால் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. ஏப்ரல் போனது, மே போனது. கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். ஜூனில் ஒரு நாள், "இன்னிக்கு நிக்கலாம்" என்றார்.

நான் வேலைக்குப் போகவில்லை. என் மனைவி போயிருந்தாள். அம்மாவுக்குப் பயம். "மெதுவா புடிங்கடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது.

"இந்த டயப்பர இன்னிக்குக் கழட்டிடலாம்" என்றேன்.

"வேணாண்டா. போட்டுக்கினே நிக்கறேன்."

"அண்ணே, இருக்கட்டும். மொதல்ல நிக்கட்டும்" என்றார் அவரும்.

நான் விடவில்லை. அந்தச் சனியன்தான் அவள் காலை வாங்கியது என்று எனக்குள் ஒரே வெறி. "அது இல்லாமதான் நடந்த. அது இல்லாமதான் நிக்கணும். மனுஷி மாதிரி நில்லும்மா" என்று சொல்லி, அவர் திரும்பி நிற்க, பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் கழற்றவைத்தேன்.

அவர் முன்னால் நின்று அம்மாவின் இரண்டு பக்கமும் கைகொடுத்துத் தூக்கினார். அம்மா எழுந்தாள். முதுகு நிமிர்ந்தது. எத்தனை குள்ளம் என்று மறந்தே போயிருந்தேன். டிசம்பருக்குப் பிறகு படுத்திருந்தவளைத்தான் பார்த்திருந்தேன். அவர் எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு. என்ன பாரும்மா. நாலு." அம்மாவின் கால்கள் நடுங்கின. "ஏழு, எட்டு."

ஒன்பதில் அம்மாவுக்குச் சிறுநீர் பிரிந்துவிட்டது. மாதக்கணக்கில் அடக்கத் தேவையில்லாமல் பழகிய உடம்பு. அவளுக்கே தெரியவில்லை. நைட்டியின் ஓரத்தில் வழிந்து, தரையில் பரவி, அவர் காலை நனைத்தது. அவர் கையை விடவில்லை. காலையும் நகர்த்தவில்லை. "ஒம்பது, பத்து" என்று எண்ணி முடித்தார். "நின்னுட்டியேம்மா. இதெல்லாம் ஒண்ணுமில்ல. நின்னுட்ட."

அம்மா குனிந்து அவர் காலைப் பார்த்தாள். "உக்கார வை" என்றாள்.

அவர் வெளியே குழாயடிக்குப் போனார். பக்கத்து வீட்டு அம்மா, எதையும் பார்க்காதவள்போல் எப்போதோ நழுவியிருந்தாள். தரையைத் துடைத்தேன். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்தேன். எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பட்டை முன்னாலா பின்னாலா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஒட்டறது முன்னாடி" என்றாள். போட்டுவிட்டேன். போர்வையை மார்பு வரை இழுத்துக்கொண்டாள்.

"ஒங்கக்காகிட்ட சொல்லாத."

"சொல்லலம்மா."

அதன் பிறகு அம்மா நிற்கவில்லை. அவர் இன்னும் நான்கு தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் அம்மா கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவர் சண்டை இழுத்துப் பார்த்தார். 'டா' என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. ஐந்தாம் தடவை நானே வாசலில் நின்று, இனிமேல் வரவேண்டாம் என்றேன். அன்றைய காசை நீட்டினேன். வாங்காமல் போனார்.

அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வாள். சண்டை போட்டதற்குப் பிறகு எங்களுக்குள் பேச அது ஒன்றுதான் மிச்சம். "அம்மா நின்னுச்சா?"

அம்மா கட்டிலிலிருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எங்கக்கா? அந்தாளு ஒழுங்காவே வரமாட்டறாரு" என்பேன்.

பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு நாள் தவறாமல் பஸ்ஸேறி வந்த மனிதர் அவர்.